கன்னத்தில் ஒரு பை: திருகோணமலைக் குரங்குகளும் காபோன் காட்டு மாண்ட்ரில்களும்

வெள்ளி இரவு, உவர்மலை

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கடல் பார்க்க வருவார்கள், கோணேசர் கோயிலுக்கு வருவார்கள். நான் இந்த முறை குரங்கு பார்க்க வந்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் விசாரித்தபோதும் இதையே சொன்னேன். வவுனியாவில் இல்லாத குரங்கா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கொஞ்ச காலமாக மாண்ட்ரில் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீல வரியோடிய கன்னமும் சிவந்த மூக்கும் மஞ்சள் தாடியுமாக இருக்குமே, அந்தக் குரங்குதான். உலகத்தில் உள்ள குரங்குகளில் மிகப் பெரியது அது. வளர்ந்த ஆண் 30 கிலோவைத் தாண்டும். பெண் 12 கிலோ அளவில் நின்றுவிடும். ஆணுக்கும் பெண்ணுக்கும் உடல் அளவில் இத்தனை வித்தியாசம் உள்ள குரங்கினம் வேறு இல்லை என்றே சொல்லலாம். மேற்கு மத்திய ஆபிரிக்காவில் காபோன், கமரூனின் தெற்கு, எக்குவடோரியல் கினி, கொங்கோ ஆகிய இடங்களின் மழைக்காடுகளில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே போக எனக்கு வசதி இல்லை. ஆனால் அதன் சொந்தக்காரர்கள் கோணேசர் கோயில் வாசலிலேயே இருக்கிறார்கள்.

நம்மூர்ச் செங்குரங்கைத்தான் சொல்கிறேன். நடுவகிடு எடுத்துச் சுற்றிவரச் சீவிவிட்டதுபோலத் தலைமுடி உள்ள, சிங்களத்தில் ரிலவா எனப்படும் சின்னக் குரங்கு. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் கிடையாது. இதுவும் ஆபிரிக்காவின் பபூன் குரங்கும் மாண்ட்ரிலும் ஒரே கிளையில் வந்தவை. அதே மரத்தில் மேல் கொப்பில் இருக்கும் கறுப்புமுக நீளவால் மந்தி, செங்குரங்குக்குத் தூரத்து உறவு. ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள மாண்ட்ரில்தான் நெருங்கிய உறவு. இதை முதலில் வாசித்தபோது நம்பமுடியாமல் இரண்டு மூன்று இடங்களில் தேடிப் பார்த்தேன்.

சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். "குரங்கு பார்க்கவோ இவ்வளவு தூரம் வந்தனீ? விடியக் காலமை கூரைக்கு வரும், ஆசை தீரப் பார்" என்றார். கச்சான் காற்று ஓலைக் கிடுகைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. வெக்கை தாங்கவில்லை. மிச்சம் நாளைக்கு.

சனி

சித்தி சொன்னது சரி. ஆறு மணிக்கு முன்பே தகரக் கூரையில் தடதடவென்று சத்தம். பத்துப் பதினைந்து இருக்கும். காயவைத்த மிளகாயை ஒன்றும் தொடவில்லை. குப்பை வாளி மூடியைக் கழற்றிப் பழைய பாணை எடுத்துக்கொண்டு முருங்கையில் ஏறிவிட்டன. தம்பியின் மகள் பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டே, "பெரியப்பா, அது விழுங்கேல்ல. வாயில வச்சிருக்கு" என்றாள்.

அவள் கண்டது கன்னப்பை. செங்குரங்குக்கும் மாண்ட்ரிலுக்கும் பபூனுக்கும் உள்ளது, மந்திக்கு இல்லாதது. இரண்டு கன்னத்தின் உள்ளும் தோல் பை. நிரம்பினால் கழுத்துவரை தொங்கும். இரைப்பை கொள்ளும் அளவு உணவை இதற்குள்ளேயே அடைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சண்டையும் ஆபத்தும் உள்ள இடத்தில் நின்று மென்றுகொண்டிருக்காமல், கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், பத்திரமான கொப்பில் இருந்து சாவகாசமாகத் தின்னலாம். பைக்குள் இருக்கும்போதே உமிழ்நீர் மாச்சத்தைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. சிறுத்தை நடமாடும் காட்டின் தரையில் இரை தேடும் மாண்ட்ரிலுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

பத்து மணிபோலக் கோயிலுக்குப் போனோம். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதுமே புள்ளிமான்கள். ஆலமர நிழலில் படுத்திருந்த ஒரு கலைமான், காற்றில் உருண்டு வந்த சொப்பிங் பையை மூக்கால் புரட்டி நக்கியது. பிள்ளை ஓடிப்போய் அதைப் பறித்துக்கொண்டு வந்தாள். மலைமேல் ஏறும் பாதை நெடுகக் கடைகள். கச்சான் (நிலக்கடலை), அவித்த கடலை, மாங்காய்த் துண்டு, வாழைப்பழம். குரங்குகளும் நெடுக.

இராவணன் வெட்டுப் பக்கம் மதில் ஓரமாக நின்று ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பார்த்தேன். நூறு மீற்றருக்குக் கீழே கடல் பாறையில் மோதுகிறது. முன்னால் மதிலில் ஒரு குட்டித் தாய். முகம் இளஞ்சிவப்பு, காது கறுப்பு, வயிற்றைக் கட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஒரு அம்மா வாழைப்பழத்தைத் தோலோடு நீட்டினார். தாய் பழத்தை உரித்து இரண்டு கடியில் கன்னத்துக்குள் தள்ளியது. அப்புறம் யாரோ எறிந்த கச்சான். ஒவ்வொரு கோதாக உடைத்து மறுபக்கக் கன்னத்துக்குள். இரண்டு பக்கமும் எலுமிச்சங்காய் அளவுக்குப் பிதுங்கியதும் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்து, கையின் புறங்கையால் கன்னத்தை வெளியில் இருந்து மேல்நோக்கித் தள்ளியது. உள்ளே இருந்த பருப்பு பல்லுக்கு வந்தது. மென்றது. மறுபடி தள்ளியது.

அப்போதுதான் அந்த ஆண் வந்தது. பருத்த தோள், ஒரு காது கிழிந்திருந்தது. சத்தம் போடவில்லை, கடிக்கவும் இல்லை. தாயின் தலையை ஒரு கையால் பிடித்து, மறுகை விரலை வாய்க்குள் விட்டு, கன்னப்பையில் இருந்த கச்சானைத் தோண்டி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது. தாய் அசையாமல் பல்லைக் காட்டியபடி இருந்தது. முடிந்ததும் ஆண் போய்விட்டது. அம்மா "ஐயோ பாவம்" என்று இன்னொரு பழம் எடுத்தார். ஆண் திரும்பி வந்தது.

இதை நான் வாசித்திருக்கிறேன். பொலன்னறுவையில் 1968 முதல் செங்குரங்குகளை ஆராய்ந்து வரும் வொல்ஃப்காங் டிட்டஸ் இதே காட்சியை எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்தில் மேல்நிலையில் இருப்பது கீழ்நிலையில் இருப்பதின் இடத்தைப் பறிக்கும், வாயில் இருப்பதையும் பறிக்கும். அவர் கணக்கில், பிறக்கும் ஆண் குட்டிகளில் பத்துக்கு ஒன்பது வளர்ந்த பருவத்தைக் காண்பதில்லை; பெண் குட்டிகளிலும் ஏறக்குறைய அப்படித்தான். அடி வாங்கிச் சாவதைவிட, நல்ல உணவு கிடைக்காமல் மெலிந்து, தூரம் போய் இரை தேட வேண்டி வந்து, அங்கே வேறு எதற்காவது இரையாகிச் சாவதுதான் அதிகம். எழுத்தில் படித்தபோது அது எண்ணாக இருந்தது. வாய்க்குள் விரல் போனதைப் பார்த்தபின் அப்படி இல்லை.

நான் சொல்ல வந்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. சாப்பாடு போடுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அனுமனை நினைத்துப் போடுகிறார்கள், குட்டிக்குப் பசிக்கும் என்று போடுகிறார்கள். ஆனால் மதிலில் ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி கச்சானைப் போட்டால் அது பலசாலிக்குத்தான் போகும். காட்டில் பழம் கொப்புக் கொப்பாகப் பரவி இருக்கும்; கீழ்நிலைத் தாய் வேறு கொப்புக்குப் போய்விடலாம். இங்கே போக வேறு கொப்பு இல்லை. கூட்டம் நெருக்கமாகிறது, கடி கூடுகிறது, கடைசியில் மனிதர் கையிலிருந்தே பறிக்கத் தொடங்குகிறது. அப்புறம் "இந்தக் குரங்குத் தொல்லை" என்று நாமே சொல்கிறோம்.

இன்னொன்று. அந்தத் தாய் பல்லைக் காட்டியதைச் சுற்றுலா வந்த பையன்கள் "சிரிக்குது" என்று படம் எடுத்தார்கள். செங்குரங்கு பல்லைக் காட்டினால் அது பயம், பணிவு. மாண்ட்ரிலில் அதே பல் காட்டல் பெரும்பாலும் நட்புக்கான சைகை. கிட்ட வா, ஒன்றும் செய்யமாட்டேன் என்று அர்த்தம். வளர்ந்த மாண்ட்ரில் ஆணின் வேட்டைப்பல் நாலு சென்ரிமீற்றருக்கு மேல் நீளம் என்பதால் பார்க்கிறவருக்குக் குலை நடுங்கும். நம்மூர்க் குரங்கிடம் நாம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு கண்ணுக்குள் முறைத்துப் பார்ப்பது நல்லதில்லை. முறைப்பு அதற்குச் சண்டைக்கு அழைப்பு.

ஞாயிறு

கன்னியா வெந்நீரூற்று. ஓட்டோவில் போனோம், எட்டுக் கிலோமீற்றர் வரும். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. பிள்ளை ஒவ்வொன்றாக வாளியால் அள்ளி ஊற்றிச் சூட்டை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அதை அவளிடம் விட்டுவிட்டு நான் பின்பக்கக் காட்டு ஓரத்துக்குப் போனேன்.

மந்திகள் அங்கே இருந்தன. புளியமரத்தில் ஐந்தாறு, வால் மட்டும் கயிறு மாதிரி நேராகத் தொங்க. செங்குரங்கோடு பார்த்தால் இவை வேறு உலகம். அவசரமே இல்லை. ஒன்று தளிர்க் கொத்தை இழுத்து மென்றுவிட்டுக் கண்ணை மூடி அரை மணித்தியாலம் இருந்தது. சோம்பல் இல்லை அது. வயிறு வேலை செய்கிற நேரம். மந்தியின் இரைப்பை மாட்டு வயிறுபோல அறை அறையாகப் பிரிந்தது. அதற்குள் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்து, நாரில் இருந்தே சத்தைப் பிரித்துக் கொடுக்கின்றன. சில இலைகளில் உள்ள நஞ்சையும் அவை முறித்துவிடும். அதனால்தான் காய்ந்த காலத்திலும் மந்தி முற்றிய இலையிலும் காயிலும் கொட்டையிலும் தாக்குப்பிடிக்கிறது.

இந்த வயிற்றுக்குப் பாணும் பிஸ்கற்றும் கொடுத்தால் என்ன ஆகும்? சர்க்கரையும் மாவும் அளவுக்கு மீறி வேகமாகப் புளித்து, வயிற்றில் அமிலம் ஏறிவிடும். பக்கத்துக் கடைக்கார அண்ணை கிறீம் பிஸ்கற் பைக்கற்றை உடைத்து எறிந்தபோது இதைச் சொன்னேன். "உண்மையாவோ? செங்குரங்குக்கு ஒண்டும் ஆகேல்லையே" என்றார். செங்குரங்கின் வயிறு நம்முடையதைப் போன்றது, இது மாட்டு வயிறு என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மிச்சப் பைக்கற்றை உள்ளே வைத்துவிட்டார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

மாலை சித்தி வீட்டு விறாந்தையில் இருந்து, பிள்ளைக்கு மாண்ட்ரில் கதை சொன்னேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இன்று பார்த்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

மாண்ட்ரில் எதைத்தான் தின்னாது என்றாள். பழம்தான் முதல். நூற்றுக்கும் மேற்பட்ட தாவர இனங்களில் இருந்து பழம், கொட்டை, இலை, தண்டின் உட்சோறு எல்லாம் எடுக்கிறது. காளான், எறும்பு, கறையான், வண்டு, நத்தை, தேள், தவளை. எப்போதாவது சின்ன மானினத்தைக்கூடப் பிடித்துத் தின்றதைப் பார்த்திருக்கிறார்கள். பழம் குறைந்த மாதங்களில் தரைச் சருகைக் கிளறி, பழைய பருவத்தில் விழுந்த கடினமான கொட்டைகளை உடைத்துத் தின்கிறது. பகல் முழுக்கத் தரையில் நடந்து மேய்ந்துவிட்டு, இரவானால் மரத்தில் ஏறித் தூங்குகிறது.

ஒரு கூட்டத்தில் எத்தனை என்றாள். காபோனின் லோப்பே தேசியப் பூங்காவில் ஒரே கூட்டமாக 600க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள், ஒருதரம் 845. மனிதன் தவிர்ந்த பிறைமேற்றுகளில் (குரங்கு, வாலில்லாக் குரங்கு வகைகளில்) பதிவான மிகப் பெரிய கூட்டங்களில் அதுவும் ஒன்று. "எங்கட பள்ளிக்கூட அசெம்பிளி" என்றாள், அளவு அதுதான். அந்தக் கூட்டம் பெண்களும் குட்டிகளும். பெரிய ஆண்கள் வருடத்தில் அதிக காலம் தனியே திரியும். இனப்பெருக்கக் காலத்தில் வந்து சேரும். அவ்வளவு வாய்க்கும் இரை வேண்டுமென்றால் சும்மாவா? லோப்பேக் கூட்டம் ஏறத்தாழ 180 சதுர கிலோமீற்றர் பரப்பில் நடந்துகொண்டே இருக்கிறது.

அந்த நிறத்துக்கும் கதை உண்டு. முகத்தின் நீலம் சாயம் இல்லை. தோலுக்கடியில் உள்ள நார்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது. சிவப்பு, இரத்தம். ஆண் ஹோர்மோன் கூடினால் சிவப்பு ஏறும். ஒரு ஆண் தலைமைக்கு வந்தால் சில வாரங்களில் முகம் பளீரென்று சிவக்கிறது. தலைமை பறிபோனால் மெல்ல வெளுக்கிறது. எதிரி தூரத்தில் நின்று முகத்தைப் பார்த்தே மோதலாமா விலகலாமா என்று முடிவெடுக்கலாம். நாலு சென்ரிமீற்றர் பல் உள்ள இரண்டு மிருகங்கள் மோதாமல் இருப்பதே இருவருக்கும் லாபம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. தெற்குக் காபோனில் நடந்து வரும் நீண்டகால ஆய்வில், 2017இல் வெளிவந்த முடிவு: குடலில் ஒட்டுண்ணி உள்ள மாண்ட்ரிலுக்கு மற்றவை பேன் பார்க்கத் தயங்குகின்றன. வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடுகின்றன. மருந்து கொடுத்துக் குணமானதும் மறுபடி கிட்ட வந்து பேன் பார்க்கின்றன. பிள்ளை இதைக் கேட்டுக் கைகொட்டினாள்.

அப்புறம் அவை எப்படி அழிகின்றன என்றும் சொல்ல வேண்டியிருந்தது. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் மாண்ட்ரில் பாதிப்புறக்கூடிய இனம். மரம் வெட்டுவதற்காகக் காட்டுக்குள் பாதை போடுகிறார்கள். பாதை வழியே துவக்கு வருகிறது, இறைச்சி நகரச் சந்தைக்குப் போகிறது. அறுநூறு உருப்படி சத்தம் போட்டுக்கொண்டு போகும்போது ஒளிய முடியாது. சிறுத்தைக்கு எதிராகப் பலமாக இருந்த பெருங்கூட்டம், துவக்குக்கு முன்னால் பலவீனமாகிவிடுகிறது. வருடத்தில் ஒரு குட்டிகூட நிச்சயமில்லாத தாய்களால் அந்த இழப்பை ஈடுகட்ட இயலாது.

திங்கள், பன்குளம் பக்கம்

தம்பியின் நண்பர் வழியாக ஒரு கமக்கார ஐயாவைப் பார்க்கப் போனேன். குரங்கைப் பற்றிப் பாசமாக எழுதிவிட்டு, குரங்கால் நட்டப்படுகிறவரைப் பார்க்காமல் திரும்புவது சரியில்லை என்று பட்டது.

அவருக்குக் கோபம் இருந்தது, நியாயமான கோபம். தென்னைக்குக் கீழே தரை முழுக்கக் குரும்பட்டி. சில கடித்து, சில தண்ணீர் குடித்து, பெரும்பாலானவை சும்மா பிடுங்கி எறிந்து. "சோளன் பால் பிடிக்கிற நேரம் வந்தால் நான் சாப்பிடப் போற பத்து நிமிஷம் காணும் தம்பி, வரிசை முடிஞ்சிடும்" என்றார். யானை வெடி கொளுத்திப் பார்த்தாராம்; இரண்டு நாள் பயந்து, மூன்றாம் நாள் வெடிச் சத்தத்துக்கே திரும்பிப் பார்க்காமல் தின்றனவாம். 2025 மார்ச் 15ஆம் திகதி அரசாங்கம் நாடு முழுக்கக் காலை 8 மணியிலிருந்து ஐந்து நிமிஷம் தோட்டங்களில் நிற்கும் குரங்கு, மயில், மர அணிலை எண்ணச் சொன்னபோது, அவரும் படிவத்தோடு நின்றிருக்கிறார். அதற்கு முன் 2023இல் ஒரு லட்சம் செங்குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு அடிபட்டதும் அவருக்குத் தெரியும். அந்தத் திட்டம் நீதிமன்றம்வரை போய், நிறைவேற்றப்போவதில்லை என்று அரச தரப்பு சொன்னது. "அனுப்பியிருந்தா நல்லம் எண்டு நான் நினைச்சனான்" என்றார் மறைக்காமல்.

நான் வாதாடவில்லை. பட்டணத்தில் பிடித்து லொறியில் ஏற்றி வேறு காட்டில் விடும் குரங்குகளைப் பற்றி மட்டும் கேட்டேன். "அதுதானே இங்க வந்து நிக்குது" என்றார். பழக்கமில்லாத காட்டில் எந்த மரம் எப்போது பழுக்கும் என்று அதற்குத் தெரியாது. பாணும் சோறும் மட்டும்தான் தெரியும். அந்தக் காட்டை ஏற்கெனவே ஆளும் கூட்டம் வேறு அடித்துத் துரத்தும். விளக்கு வெளிச்சம் தெரியும் பக்கம் போகாமல் என்ன செய்யும்? ஆக கோயில் வாசலில் போட்ட பழத்தின் கணக்கு இவர் தென்னையில் வந்து தீர்கிறது.

வெயில் இறங்கியதும் குளக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார். அங்கே காணி எல்லையில் ஒரு துண்டுக் காடு. பாலை, வீரை, நாவல். அவருடைய தகப்பன் வெட்டாமல் விட்டது. பாலை பழுத்து மஞ்சளாகச் சொரிந்து கிடந்தது. எடுத்துத் தின்றேன், தேன் போல இனிப்பு, உதடு பாலில் ஒட்டிக்கொண்டது. மேலே செங்குரங்குக் கூட்டம், கீழே நாங்கள் நிற்பதைச் சட்டைசெய்யவில்லை. ஒரு குட்டி வீரைப் பழங்களைக் கன்னத்தில் நிரப்பிக்கொண்டு பாறையில் வந்து இருந்து, சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையை ஒவ்வொன்றாகத் துப்பியது. பெரியது ஒன்றும் வந்து அதன் வாயைத் தோண்டவில்லை. மரம் முழுக்கப் பழம் இருக்கும்போது யார் வாயையும் தோண்டத் தேவையில்லை.

பாறையைச் சுற்றிப் பழைய கொட்டைகள் கிடந்தன. வெடிப்பு ஒன்றில் மண் சேர்ந்த இடத்தில் இரண்டு கன்று முளைத்திருந்தது. தாய்மரத்தில் இருந்து இருபது முப்பது அடி தள்ளி. காபோனில் மாண்ட்ரிலும் இதே வேலையைச் செய்கிறது. விழுங்கிய விதை எச்சத்தில் போகிறது, கன்னத்தில் வைத்த விதை துப்பலில் போகிறது. மழைக்காட்டின் பல மரங்களுக்கு விதை சுமக்க ஆள் அதுதான்.

"பாலை பழுக்கிற மாசத்தில தோட்டத்துக்கு வராதுகள். இது முடிஞ்சாத்தான் வரும்" என்றார் ஐயா. அப்படியானால் வேறு மாதத்தில் பழுக்கும் மரங்களும் இந்தத் துண்டில் இருந்தால் என்ன என்று கேட்டேன். அத்தி, ஆல், விளா என்று அவரே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பிறகு நிறுத்தி, நட்டாலும் முதல் சில வருடம் வேலி அடைத்து மாட்டிடம் இருந்து காக்கவேண்டும், கம்பிச் செலவு யார் தருவது என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்கவேண்டிய இடத்தில் கேட்கிறேன் என்று சொல்லி, எந்தெந்தக் கன்று எத்தனை வேண்டும் என்று இருவருமாக உட்கார்ந்து ஒரு பட்டியல் எழுதினோம்.

ஐந்து மணி பஸ்ஸில் பட்டணம் திரும்பினேன். நாளை காலை பொலன்னறுவை. டிட்டஸ் பார்த்த கூட்டங்களின் வாரிசுகள் அங்கே இன்னும் பழைய நகர இடிபாடுகளுக்குள் இருக்கின்றன. அடுத்த பதிவு அங்கிருந்து.